வெற்று நாள் மதிப்பு (தரவுத்தளம்)

வெற்று நாள் மதிப்பு என்பது தரவுத்தளத்தில் நாளைக் குறிக்கும் புலம் ஒன்றில் மதிப்பு எதுவும் இல்லாத நிலையைக் குறிக்கும். பயன்பாட்டு மென்பொருளின் படிவத்தில் நாளுக்கான கட்டம் நிரப்பப்படாதபோது இந்நிலை ஏற்படுகிறது. எஸ்கியூஎல் மொழியில் இது நல் என்னும் குறியால் சுட்டப்படும். நல் என்பது சுழியமோ வெற்றுச் சரமோ அன்று. மதிப்பு அறியப்படவில்லை அல்லது பொருந்தாது என்பதே அதன் பொருள்.

தேவை

இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்று இல்லை. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலையிலுள்ள அரியூர் நாடு போன்ற மலை ஊராட்சி ஒன்றில் முதியோர் விவரம் கணினியில் பதியப்படுவதாகக் கொள்வோம். பிறந்த நாள் தெரியாத ஒருவருக்கு ஏதேனும் ஒரு நாளை இட்டு நிரப்பினால், பின்னர் அது உண்மையான நாளாகவே கருதப்படும். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்திற்கு 60 அகவை நிறைந்திருக்க வேண்டும் என்பதால், தவறான நாள் ஒருவரது உரிமையையே பாதிக்கக்கூடும்.

தரவுத்தளங்களின் நடத்தை

படிவத்தின் நிரப்பப்படாத கட்டம் பெரும்பாலும் வெற்றுச் சரமாகவே நிரலை வந்தடைகிறது. அதனை அப்படியே அனுப்பினால் விளைவு தரவுத்தளத்திற்குத் தரவுத்தளம் வேறுபடும்.

* மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வர் அதனை 1900 சனவரி 1 என மாற்றிக்கொள்ளும்.
* போஸ்ட்கிரெஸ்கியூஎல் பிழை எனக் கூறி மறுக்கும்.
* ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல் ஆகவே கொள்ளும்.
* மைஎஸ்கியூஎல், கண்டிப்பு முறை நிறுவப்படாதபோது, ஆண்டு, மாதம், நாள் மூன்றும் சுழியமான நாளைச் சேமிக்கும். 2015இல் வெளியான 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறையே இயல்பிருப்பாகும்.

இவற்றுள் பிழை கூறி மறுப்பது தீங்கற்றது. பயனர் அதனை உடனே அறிவார். ஓசையின்றிப் பதியப்படும் 1900ஆம் ஆண்டோ நெடுநாள் கண்டறியப்படாமல் இருக்கலாம்.

சேமிக்கும் முறை

முதலில் அட்டவணையில் அப்புலம் நல் மதிப்பை ஏற்குமாறு வரையறுக்கப்பட வேண்டும். அடுத்து, கட்டம் வெறுமையாக உள்ளதா என நிரல் சோதித்து, வெறுமையெனில் வெற்றுச் சரத்திற்கு மாறாக நல் மதிப்பை அளபுருவாக அனுப்ப வேண்டும். டாட் நெட் சூழலில் நாளுக்கான அடிப்படைத் தரவினம் நல் மதிப்பை ஏற்காது. அதன் இயல்பிருப்பு மதிப்பு கி.பி. 1ஆம் ஆண்டு சனவரி 1 ஆகும். எஸ்கியூஎல் சர்வரின் பழைய நாள்-நேரத் தரவினம் 1753ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவதால், அங்கு அதனைச் சேமிக்க முயன்றால் பிழை ஏற்படும். 2005இல் வெளியான டாட் நெட் 2.0 பதிப்பில் நல் ஏற்கும் தரவினங்கள் சேர்க்கப்பட்டன.

வினவலில் கவனிக்க வேண்டியவை

தொடர்புசார் தரவுத்தள மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட், பின்னர் நல் மதிப்புக்கு உண்மை, பொய், அறியப்படாதது என்னும் மும்மதிப்பு ஏரணத்தை விளக்கினார். இதன்படி நல் மதிப்பை எந்த நாளோடு ஒப்பிட்டாலும் விடை அறியப்படாததே. ஆகவே "60 அகவை நிறைந்தோர்" என வினவினால், நாள் வெறுமையாக உள்ள முதியவர் பட்டியலில் இடம்பெறமாட்டார். "60 நிறையாதோர்" என வினவினாலும் இடம்பெறமாட்டார். அத்தகையோரை "இஸ் நல்" என்னும் நிபந்தனையால் தனியே எடுத்து, நேரில் விசாரித்து முடிவு செய்தல் வேண்டும்.

தோராய நாள்

ஆண்டு மட்டும் தெரிந்தால், ஆண்டுக்கெனத் தனிப் புலமும், அது சரிபார்க்கப்பட்டதா தோராயமானதா எனக் காட்டும் புலமும் வைப்பது நன்று. ஆதார் பதிவில் பிறந்த நாள் சரிபார்க்கப்பட்டது, கூறப்பட்டது, தோராயமானது எனப் பிரித்துக் குறிக்கப்படுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.