நாகு வேட்கைக்கு வராமைக்கு ஒரு காரணம்

வயது வந்தும் நாகொன்று வேட்கைக்கு வராதிருப்பின், கமக்காரர் முதலில் தீனியின் அளவையே ஐயுறுவர். அது முறையே, பெரும்பாலும் குறை அங்குதான் இருக்கும். ஆனால் வயிறு நிறையத் தின்று நன்கு வளர்ந்த நாகும் சிலவேளை வேட்கைக்கு வருவதில்லை. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மாதமும் பாலும் கன்றுமின்றித் தீனி மட்டும் செலவாகும் மாதமாகும்.

மூளையின் அடியிலே கபச்சுரப்பி எனும் சிறிய உறுப்பொன்று உண்டு. அது லூற்றினாக்கும் ஓமோனை விட்டுவிட்டுக் குருதியிற் செலுத்தும். பருவம் அண்மிக்கையில் இவ்வாறு செலுத்துவது அடிக்கடி நிகழும். அதன் பயனாகவே சூலகம் முதன்முறையாகச் சூலை வெளிவிடும்.

தீனியில் அற்பமாயுள்ள உலோகமொன்று இவ்வேலையைக் குலைக்கக்கூடும். ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரிலுள்ள றோவெற் ஆராய்ச்சி நிலையத்தார் 1987 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. சில நாகுகளுக்கு உலர்தீனி கிலோகிராமொன்றுக்கு 5 மில்லிகிராம் மொலிப்டினம் சேர்த்து ஊட்டினர். வேறு சிலவற்றுக்கு இரும்பு சேர்த்தனர். இரு திறத்தவற்றிலும் உடலிலுள்ள செம்பு குறைந்தது. ஆயினும் மொலிப்டினம் உண்டவையே 8 முதல் 12 வாரம் பிந்திப் பருவமடைந்தன. அவற்றுட் சினைப்பட்டவையும் மிகச் சில. அவற்றின் கபச்சுரப்பி வெளிவிட்ட ஓமோனும் குறைந்திருந்தது. இரும்பு உண்டவற்றுக்கு இக்கேடு நேரவில்லை. ஆகவே செம்புக் குறைவை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மொலிப்டினம் தானே கேடு செய்கின்றது. சூலகத்தின் சுரப்பு மாறுவதே கபச்சுரப்பியைத் தளர்த்துகின்றது போலும் என ஆய்வாளர் கருதினர்.

மொலிப்டினத்தின் குற்றம் அதற்கு முன்னரும் அறியப்பட்டதே. இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிற் சில புற்றரைகளில் மேய்ந்த மாடுகள் ஓயாது கழிந்து மெலிந்தன. புல்லில் மிகுந்திருந்த மொலிப்டினமே காரணமென 1938 இல் வெளிப்பட்டது. மாட்டின் அசையிரைப்பையில் அது கந்தகத்தோடு கூடிச் செம்பைப் பற்றிக்கொள்ளும்; பின் அச்செம்பு உடலிற் சேராது. காரநிலத்திலும், சுண்ணாம்பு மிகுதியாக இட்ட நிலத்திலும் வளரும் புல் மொலிப்டினத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

மயிர் நிறம் மங்குதலும், குறிப்பாகக் கண்ணைச் சுற்றி வெளிறுதலும், நீங்காத கழிச்சலும் கண்டால் மிருக வைத்தியரிடம் காட்டுக. நாகின் வயது, மேயும் நிலம், அந்நிலத்துக்கு இட்ட சுண்ணாம்பு ஆகியவற்றையும் அவரிடம் கூறுக. சமர்செற்றிலே துருசு பயன்பட்டதெனக் கேட்டு, அதனைத் தாமாகவே கரைத்து ஊட்டலாகாது. அளவு மிஞ்சிய செம்பு ஈரலைத் தாக்கும். செம்மறியாடு அதனாற் சடுதியில் இறக்கும்.