வள்ளைக்கீரையின் சத்து வடிநீரில் வீணாகலாமா?

குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகவே படர்ந்து வளரும் வள்ளைக்கீரை, செலவின்றிக் கிடைக்கும் சத்துணவாகும். ஆயினும், பறித்த கீரையின் சத்து முழுவதும் உண்பவருக்குக் கிடைப்பதில்லை. பக்குவம் செய்யும் முறையைப் பொறுத்தே சத்து மிஞ்சுகிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை வள்ளைக்கீரையில் 55 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. வேகவைத்து நீரை வடித்த கீரையிலோ 16 மில்லிகிராம்தான் உள்ளது. ஆனால் வைட்டமின் ஏ 6,300 அலகிலிருந்து 5,200 அலகாக மட்டுமே குறைகிறது. வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் அழியும். கண்பார்வைக்கு உதவும் வைட்டமின் ஏயைத் தரும் கரோட்டின் நீரில் கரைவதில்லை.

வேகவைத்தல்

கீரையை முதலில் அலசிவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும். நறுக்கியபின் அலசினால் சத்து நீரோடு போய்விடும். குறைந்த நீரில் சில நிமிடங்கள் மட்டும் வேகவைத்து, அந்த நீரையும் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பசோடா சேர்க்கக் கூடாது. அது வைட்டமின் சியை அழிக்கும். சிறிது எண்ணெயில் தாளித்தால் கரோட்டின் உடலில் நன்கு சேரும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மட்டும் முறை வேறு. வடிநீரோடு ஆக்ஸாலிக் அமிலமும் ஓரளவு வெளியேறுவதால், அவர்கள் நீரை வடித்துவிடுவதே நல்லது.

உலர்த்துதல்

மிகுதியாகக் கிடைக்கும் கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். நேர்வெயில் பட்டால் கரோட்டின் சிதையும். உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும்; இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தங்கும். உலர்ந்த கீரையைக் காற்றும் வெளிச்சமும் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

தாமரைக் கிழங்கு

பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு 44 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. வேகவைத்து வடித்தபின் 27 மில்லிகிராம் எஞ்சுகிறது. நறுக்கிய வில்லைகளை நெடுநேரம் நீரில் ஊறவிடாமல் உடனே சமைப்பது நல்லது.

எச்சரிக்கை

நீர்த்தாவரங்களைப் பச்சையாக உண்ணலாகாது. அவற்றில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களின் இளம்பருவம் உடலுக்குள் புகக்கூடும். நன்கு வேகவைத்தால் அவை மடியும். ஆனால் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் குளத்தில் வளர்ந்த கீரை, ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் ஏற்றிக்கொள்ளும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அவை அழிவதில்லை. அத்தகைய கீரையைப் பறிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.