ஈருருளியும் ஏரிக்கரையும்

மேல்நாட்டார் ஓய்வு நாட்களில் ஈருருளியின்மீது ஏறி, வண்டிப் போக்குவரவு மிகாத கிளைச் சாலைகளின் வழியே, திராட்சைத் தோட்டங்கள் படர்ந்த குன்றுகளையும் பழம்பெருமை வாய்ந்த சிற்றூர்களையும் கண்டு மகிழ்வர். பிரான்சு தேசத்தில் அல்சாசு, பர்கண்டி முதலிய பகுதிகள் இதற்குப் பெயர் பெற்றன. காஞ்சிமாநகரைச் சூழ்ந்த நாட்டில் திராட்சைக் கொடி இல்லை; நெல்லும் நீரும் உள. குன்றுகளும் சிலவே, அவையும் சிறியவே. ஆயினும், பழமையிலும் அமைதியிலும் இந்நாடு எந்நாட்டிற்கும் இளைத்ததன்று. மார்கழித் திங்கட் சனிக்கிழமையொன்றில் யாம் மூவர் இந்நாட்டில் ஈருருளியூர்ந்து கற்றதை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மூவருள் இருவர் இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர். மற்றவர் எம்மினும் சில ஆண்டு மூத்தவர்; காஞ்சியில் பட்டு நெய்பவர். அவரை யாம் அண்ணன் என்றே அழைப்போம். இருவர்க்கும் அந்நாள் விடுமுறை; அவருக்கோ ஒரு நாட் கூலி இழப்பு. இதனை முதற்கண் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

ஈருருளி ஏன்?

மனிதன் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடப்பான். ஏறத்தாழ அதே முயற்சியைக்கொண்டு சமநிலத்தில் ஈருருளியின்மீது 15 கிலோமீட்டர் செல்லலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தூக்கி இறக்குகின்றோம். ஈருருளியிலோ இருக்கை அப்பாரத்தைத் தாங்க, கால்களின் ஆற்றல் பெரும்பாலும் முன்செல்லுதற்கே பயன்படுகின்றது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஸ்டார்லி என்பார் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவினவாக்கிச் சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியைச் சமைத்தார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த உருளைப்பட்டையை அமைத்தார். இன்று நாம் ஊர்வது அவ்விரண்டன் வழிவந்ததே.

நிற்க. விரைவு மட்டுமே வேண்டின் பேருந்து உண்டு. ஆனால் பேருந்தில் இருப்பார்க்குச் சாலையின் ஏற்ற இறக்கம் தோன்றாது. ஈருருளியோனுக்கோ ஓரடி மேடும் முழங்காலில் தெரியும். இவ்வுண்மையே எமக்கு அன்று ஆசிரியனாயிற்று.

வழி

காஞ்சியின் தென்பாலுள்ள செவிலிமேட்டை வைகறையிற் கடந்து பாலாற்றுப் பாலத்தின்மேல் ஏறினோம். மணல் வாரப்பட்டுப் பள்ளங்கள் விழுந்த ஆற்றில் ஒரு சிறு கால் மட்டும் ஓடிற்று. அக்கரையில் வந்தவாசிச் சாலையை விட்டுச் சிறிது விலகினால் குரங்கணில்முட்டம் என்னும் சிற்றூர் வரும். குரங்கும் அணிலும் முட்டமாகிய காகமும் இறைவனை வழிபட்ட தலம் என்பது அப்பெயரின் பொருளாகக் கூறப்படும் வரலாறு. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோயில் இங்குளது. அதற்கு அணித்தே பல்லவர் காலத்துக் குடைவரையொன்று பாறையில் அமைந்துள்ளது.

பின்னர்த் தூசியைச் சார்ந்த மாமண்டூரை அடைந்தோம். இங்கும் அடுத்துள்ள நரசமங்கலத்திலுமாக ஒரே குன்றின் பக்கத்தில் நான்கு குடைவரைகள் உள. அவற்றுள் ஒன்றில் முதலாம் மகேந்திரவர்மனுடைய வடமொழிச் சாசனம் சிதைந்த நிலையிற் காணப்படுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அவ்வரசன் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகை நாடகத்தின் பெயர் அதில் வருதலை அறிஞர் எடுத்துக் காட்டியுள்ளனர். யாம் வகுப்பில் படித்த பெயர் ஈண்டுப் பாறையில் இருந்தது. அதனினும் எம்மைக் கவர்ந்தது குன்றின் அடியிற் பரந்து கிடந்த ஏரி. பழஞ்சாசனங்கள் அதனைச் சித்திரமேகத் தடாகம் என்று வழங்கும்.

ஏரியின் இயல்பு

ஏரிக்கரைச் சாலையில் ஏறும்போதுதான் அது நிகழ்ந்தது. கால்கள் தளர மேட்டில் ஏறினோம். ஏறியதும் ஒரு பக்கம் நீர், மறு பக்கம் வயல். இரண்டையும் ஒருங்கே நோக்கியபோது, நீரின் மட்டம் வயலின் மட்டத்தினும் உயர்ந்திருத்தலைக் கண்டோம். அவ்வளவு நீரையும் வயலின்மீது பாயாது தடுத்து நிற்பது யாம் நின்ற மண் கரை ஒன்றே.

ஏரி என்பது தோண்டிய குளம் அன்று. சரிந்து செல்லும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் ஒரு கரையை எழுப்பினால், மேட்டிலிருந்து வரும் மழைநீர் அதன்முன் தேங்கும். வயலுக்கு வேண்டிய நீரை மதகு விடும். மிகுந்த நீரைக் கலிங்கு வெளியேற்றும். ஓர் ஏரியின் கலிங்கிலிருந்து வழியும் நீர் கீழுள்ள ஏரிக்குச் செல்லும். அதன் மிகுதி அதற்கும் கீழுள்ளதற்குச் செல்லும். இங்ஙனம் ஏரிகள் தொடராய் அமைந்தமையால், மேலேரியின் கரை உடையின் கீழேரியின் கரைக்கும் இடர் வரும். காஞ்சியையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் எனப் பெயர் பெற்றது இத்தகைய ஏரிகளின் மிகுதியாலேயாம்.

அப்போது அண்ணன் கரையின்மேல் அமர்ந்து சொல்லிய சொல் எம் நெஞ்சில் நின்றது. காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக ஊடை ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதைக் கோர்வை என்பர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் துணைக்கு ஒருவரும் வேண்டும். சிறு பருவத்தில் தம் தந்தைக்குத் துணையாய்த் தறியின் பக்கத்தில் அமர்ந்தவர் அவர். “தம்பி, உடல் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், கரை பிரிந்தால் புடவையே போயிற்று. ஏரிக்கும் கரைதான் உயிர் போலும்” என்றார். புடவையின் ஓரத்திற்கும் ஏரியின் ஓரத்திற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குதலை இலக்கணம் பயிலும் யாம் அதுகாறும் எண்ணிப் பார்த்திலோம்.

உத்தரமேரூர்

மீண்டும் வந்தவாசிச் சாலையிற் சென்று, மானாம்பதியில் கிழக்கே திரும்பி, நண்பகலுக்கு முன் உத்தரமேரூரை அடைந்தோம். அங்குள்ள வைகுண்டப்பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனுடைய 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள் உள. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதார் மீண்டும் தேர்வு பெறலாகாது என்று விதித்தனர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் அமர்ந்தனர்.

இவற்றையெல்லாம் யாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதுண்டு. ‘ஏரி வாரியம், அறுவர்’ என்று மனப்பாடம் செய்தோம். ஏரிக்கு ஒரு வாரியம் எற்றுக்கு என ஒருநாளும் கேட்டிலோம். காலைமுதல் கரைமேடுகளில் ஏறி இறங்கிய கால்கள் அவ்வினாவிற்கு விடை சொல்லின. ஊரின் உயிர் ஒரு மண் கரையில் நிற்கின்றது; அக்கரையைக் காப்பார் கணக்கிற் பிழை செய்தால் ஊர் அழியும். ஆதலின், கணக்குக் காட்டாதானை விலக்கிய விதி வெறும் ஒழுக்க விதி அன்று. வெள்ளத்திற்கு அஞ்சி எழுந்த விதி என்று உணர்ந்தோம். இவ்வூர்ப் பேரேரிக்கு வைரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். காலையில் ஒரு மேகம், பகலில் ஒரு மேகம். இரண்டும் மண்ணிற் கட்டுண்டு கிடந்தன.

உள்ளதை உள்ளவாறு சொல்லின், அக்குடத்தில் எல்லார் பெயரும் வீழவில்லை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. மண் சுமந்து கரை கட்டினார் பெயர் ஓலையில் ஏறவில்லை. பெண்டிர் பெயரும் இல்லை. பழமையைப் போற்றுவார் இதனை மறைத்தல் தகாது. இன்று தமிழகத்து ஊராட்சிகளில் பாதி இடங்கள் மகளிர்க்கெனச் சட்டம் உண்டு. பழைய குடத்தின் வாய் குறுகியது என்று அறிந்தாரே இன்றைய குடத்தின் வாய் அகன்றமையின் அருமையை உணர்வர்.

மீளுதலும் சில குறிப்புகளும்

வெங்கச்சேரியில் செய்யாற்றைக் கடந்து, மாகறல் வழியாக ஓரிக்கைப் பாலத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்தது. சுற்று முழுவதும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். செல்ல விரும்பும் மாணவர்க்குச் சில சொல்வோம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மார்கழி தை மாதங்களில் ஏரிகள் நிறைந்திருக்கும்; வெயிலும் கொடிதாகாது. விடியுமுன் புறப்படுக, முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையைத் தவிர்க்க. குடிநீரும், காற்றடிக்கும் குழலும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் இருத்தல் வேண்டும். குடைவரைச் சுவரில் பெயர் கீறுதல் பெரும்பிழை. அங்கே எழுதவேண்டியவன் எழுதிவிட்டான்.

வீடு சேர்ந்ததும் யாம் இருவரும் கால் நீட்டிப் படுத்தோம். அண்ணனோ முகம் கழுவிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினார். இழந்த பகலை இரவில் ஈடுசெய்ய வேண்டுமல்லவா? அவருடைய மக்கள் தறியில் அமரப்போவதில்லை, பள்ளியில் படிக்கின்றனர். அதனை அவர் மகிழ்ந்தே கூறினார். ஆனால் கூறும்போது கை கரையின் கோர்வையைத் தடவிக்கொண்டிருந்தது.

கல்வி நூலில் உண்டு, ஐயமில்லை. ஆயினும் நம் பாட நூலிற் கண்ட ஊர்கள் ஒருநாட் பயணத்துள் கிடக்க, அவற்றைக் காணாமலே பட்டம் பெற்றுச் செல்லுதல், கரையின்றி உடலை மட்டும் நெய்தது போலாம். அடுத்த மார்கழியில் அண்ணன் தம் மக்களையும் உடன் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நண்பர்களே, நீங்களும் வருக.