கேட்காம கட்டின தாலி... பாட்டுல வந்த பதில்! - ஏன் பார்க்கணும் 'ஸ்வாதி முத்யம்'?

நைட்ல இளையராஜா பிளேலிஸ்ட்டை ஓடவிட்டா, நடுவுல ஒரு லாலி பாட்டு வந்து நிற்கும். நம்மில் பலருக்கு அது 'சிப்பிக்குள் முத்து' பாட்டு. ஆனா, அதோட தாய்மொழி தெலுங்கு. 1986-ல் கே.விஸ்வநாத் இயக்கத்துல கமல்ஹாசன், ராதிகா நடிச்சு வந்த 'ஸ்வாதி முத்யம்' படம்தான் தமிழ்ல 'சிப்பிக்குள் முத்து'ன்னு டப் ஆச்சு. தமிழ் வரிகள் வைரமுத்து.

கதை ரொம்ப சிம்பிள். லலிதா இளம் விதவை. கையில ஒரு பையன். அண்ணன் வீட்ல, அண்ணியோட பேச்சைக் கேட்டுக்கிட்டு நாளைக் கடத்துறாங்க. சிவய்யாவுக்குக் குழந்தை மனசு. பாட்டியோட வளர்றவர். அவங்க கஷ்டத்தைப் பார்த்தவர், ராமநவமி விழாக் கூட்டத்துல திடீர்னு தாலி கட்டிடுறார்.

'அது எப்படிங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணாமா?' - இன்னைக்குப் பார்க்கிற யாரும் இதைக் கேட்பாங்க. கேட்கணும். மறுமணம்னாலும் சம்மதம் முக்கியம்தானே? அந்தத் தாலியை நியாயப்படுத்த முடியாது. ஆனா, லலிதாவோட மனசு என்ன சொல்லுதுங்கிறதைப் படம் வசனத்தைவிடப் பாட்டுல அதிகமா சொல்லுது.

முதல்ல 'சுவ்வி' பாட்டு. நெல் குத்தும்போது பெண்கள் பாடுற தெலுங்கு நாட்டுப்புறப் பாட்டு வகை அது. சீதையை அழைச்சுப் பாடுற மாதிரி, லலிதாவோட சோகம் வெளியே வருது. எஸ்.பி.பி., ஜானகி குரல்கள்.

அடுத்து, அதே ஜோடி பாடின அந்த ஃபேமஸ் டூயட். இங்கே காதல்ல முதல் அடி எடுத்து வைக்கிறது லலிதாதான். சிவய்யாவுக்கு எதுவும் புரியாது. தாலி அவர் முடிவு. காதல் அவங்க முடிவு. இந்த வித்தியாசம் தெரிஞ்சா, பாட்டு வேற மாதிரி கேட்கும்.

மூணாவது, சி.நாராயண ரெட்டி எழுதி பி.சுசீலா பாடின லாலி. பாரமா நினைக்கப்பட்ட ஒரு அம்மா, பயமில்லாம பிள்ளையைத் தூங்க வைக்கிற நிம்மதி அதுல இருக்கு. அதே மெட்டு பின்னால சோகமா திரும்பி வரும்போது, கண்ணு கலங்காம இருக்கிறது கஷ்டம்.

ஆஸ்கருக்கு இந்தியா சார்பா அனுப்பப்பட்ட படம் இது. பாட்டை மட்டும் தனியா கேட்டவங்க, ஒரு தடவை கதையோட சேர்த்துப் பாருங்க. முடிஞ்சா, தெலுங்கிலேயே!