தங்கவயலில் நாம் நடக்க வேண்டிய தடம்

ஓர் ஊரின் வரலாற்றை நடந்தே வாசிப்பதுதான் மரபுநடை. கோலார் தங்கவயலில் அப்படியொரு தடம் அமைத்தால், அது எங்கெல்லாம் நிற்க வேண்டும்?

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை அங்கே பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்கள். சுரங்கக் கோபுரமும் துரைமார் பங்களாவும் சயனைடு மண்மேடும் எவர் கண்ணுக்கும் தப்பாது. அவற்றோடு தடம் முடிந்தால் நாம் வெறும் கூலிகளாகவே தெரிவோம்.

ஆகவே மாரிக்குப்பத்தில் நிற்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் அங்கே கிளைவிட்டது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்தபின் 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது.

1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்களும் இவ்வூர்த் தொழிலாளர்களே. இதழ் நடத்திய ஊர், தன்னைக் குற்றவாளிபோல் ரேகை வைக்கச் சொன்னதை மானக்கேடாகக் கண்டதில் வியப்பில்லை.

கோபுரம் துருப்பிடித்தாலும் நிற்கும்; பழுப்பேறிய இதழ் நிற்காது. எனவே தடத்தின் முதல் வேலை, வீடுகளில் எஞ்சிய பிரதிகளைத் தேடுவதும் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவதுமே. பெயர்ப்பலகையைப் பிறகு நடலாம்.