ஆனைக்குட்டி கற்றுத் தந்த பாடம்

"நான் இல்லாட்டி இந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெண்களில் நானும் ஒருத்தி. போன ஆகஸ்டில், கென்யாவின் நைரோபியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குத் தனியாகப் பத்து நாள் போய்வந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அந்தக் காரணத்தை நம் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கானாடுகாத்தானில் வீட்டுக்கு வீடு பர்மா, மலேயா போன ஆண்களின் கதை உண்டு. பெண்கள் வீட்டைக் காத்தவர்கள்தான். நான் புறப்பட்டபோது மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. "புள்ளைக்கு யாரு சோறு போடுவா?" என்ற ஒரே கேள்விதான்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கென்யா போய்த் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். அடுத்து, அங்கே 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தங்கைக்குக் கட்டிய சீப்புச் சீடையைத் துணிப்பைக்கு மாற்றினேன்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்தேன். நைரோபி நம் ஏற்காட்டைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியவில்லை! சாயும் சப்பாத்தியும் அந்த ஊர்க்காரர்களுக்கும் அன்றாடச் சாப்பாடு, பெயரும் அதேதான் என்பதால் வயிற்றுக்குக் கவலையில்லை.

தங்கைக்கு ஆபீஸ். தெரிந்த டிரைவரை ஏற்பாடு செய்து என்னைத் தனியாக அனுப்பினாள். நகரத்தை ஒட்டியே 117 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா, 1946-ல் ஏற்பட்டது. ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள். காண்டாமிருகத்தையும் பார்த்தேன்.

அங்கிருந்து, தாயை இழந்த ஆனைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் காப்பகம். 11 மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் அனுமதி. குட்டிகள் ஓடிவந்து பாட்டில் பாலைக் குடிப்பதைப் பார்த்ததும் மகன் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. ராத்திரியில் காப்பாளர் குட்டியின் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாராம். ஆனால் ஒரே ஆள் அல்ல, முறை வைத்து மாறுவார்களாம்.

ஏன் தெரியுமா? 1970-களில் டாப்னி ஷெல்ட்ரிக் என்ற அம்மையார் ஒரு குட்டியைத் தாமே வளர்த்தார். மகள் கல்யாணத்துக்கு அவர் வெளியூர் போனதும், அவர் முகத்தையே தேடிய குட்டி சாப்பிடாமல் இறந்துபோனது. அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தரையே நம்பி வளர்ப்பது பாசம்தான், ஆனால் பாதுகாப்பு இல்லையே!

ஊர் திரும்பினால், மகன் எனக்குச் சோறும் ரசமும் வைத்துக் காத்திருந்தான். ரசத்தில் உப்பு அதிகம். அப்பாவும் பிள்ளையுமாகச் சமைத்துப் பழகினார்களாம். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆம்பளைக போயிட்டு வந்த கதையே கேட்டுட்டேன். நீ பார்த்ததைச் சொல்லு ஆத்தா" என்றார்.

இப்போதும் வாரத்தில் ஒரு நாள் மகன்தான் சமையல்.

- ஒரு வாசகி, கானாடுகாத்தான்