சேட்டையும் குற்றமும்

ஒரு சமுதாயம் எதனைக் குற்றமென்று கொள்கின்றது, எதனைப் பொருட்படுத்தாது விடுகின்றது என்பதை அறிய வேண்டின், அது வழங்கும் சொற்களை ஆராய்தல் வேண்டும். பஸ் வண்டியிலே பெண்ணொருத்தியின் உடலைத் தீண்டுவோனின் செயலை நம்மவர் 'சேட்டை' என்பர். சேட்டை என்பது குழந்தைக்கும் குரங்குக்கும் உரிய குறும்பு. கொடுமை மிக்கவிடத்து வழங்கிய சொல்லோ 'கற்பழிப்பு' என்பது. அச்சொல்லிலே செய்தவனைக் காணோம், இழந்தவளே நிற்கின்றாள். முன்னைய சொல் குற்றத்தைச் சிறுமைப்படுத்துகின்றது. பின்னையது குற்றத்தின் கறையைத் துன்புற்றவள்மேல் ஏற்றுகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கொடுமைகள் பல. அவற்றுக்கு நம்மிடம் நெடுங்காலம் பெயரே இருந்ததில்லை. பெயரில்லாத ஒன்றை எங்ஙனம் முறையிடுவது?

சட்டமும் நெடுநாள் இவ்வாறே இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பெண்ணின் நாணத்துக்குப் பங்கம் விளைக்கும் கருத்தோடு அவளைத் தாக்குதலையே குற்றமாக்கியது. ஆகவே, நாணம் எது, அதற்குப் பங்கம் நேர்ந்ததா என்பனவே விசாரணைக்குரிய வினாக்களாயின. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அப்பிரிவை முற்றாக மாற்றியது. நாணம் என்னும் சொல் நீங்கிப் பாலியல் தொந்தரவு என்னும் சொல் வந்தது. தாக்குதலால் மாத்திரமன்றிச் சொல்லாலும் செயலாலும் ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு விளைத்தல் குற்றமாயிற்று. அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்திலோ வேறெவ்விடத்திலோ விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் நோக்குடன் அணுகுதலும் இதனுள் அடங்கும். தண்டனை ஐந்தாண்டு வரையிலான சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும், நட்டஈடும் விதிக்கலாம். 'பெண்' என்னாது 'இன்னொருவர்' என்று கூறுதலால் ஆண்பிள்ளைகளுக்கும் இக்காவல் உண்டு. அவளிடத்து என்ன குறைந்தது என்ற வினா மறைந்து, அவன் என்ன செய்தான் என்ற வினா எழுந்தது. இதுவே இத்திருத்தத்தின் பெருமை.

ஆயின், ஏட்டிலே மாறிய சொல் நாட்டிலே மாறியதா? ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வொன்று, பஸ்ஸிலும் புகைவண்டியிலும் ஒருமுறையேனும் இத்துன்பத்துக்கு ஆளான பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்று காட்டியது. அவர்களுள் பொலிசாரிடம் முறையிட்டவர்கள் நூற்றுக்கு நால்வரே.

ஏனையோர் வாளாவிருந்தமைக்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. வெளியே தெரிந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று தாய் அஞ்சுகின்றாள். படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று மகள் அஞ்சுகின்றாள். கண்ட சாட்சி வேறில்லையே என்று இருவரும் கலங்குகின்றனர். இவ்வச்சங்களுட் சில அறியாமையால் வளர்ந்தவை. ஒரு விடயத்தை நிறுவ இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நியதி இல்லை என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச்சட்டமே கூறுகின்றது. நீதிமன்றம் நம்புமாயின் ஒருத்தியின் வாக்கும் போதியதே. மேலும், துன்புற்றவரின் பெயரை அவரது இசைவின்றி அச்சிட்டு வெளியிடுதல் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். இவற்றை நம்மில் எத்தனைபேர் மாணவியர்க்கு எடுத்துரைத்திருக்கின்றோம்?

வழக்குத் தொடுத்தல் எளிது என்று கூறுவேனல்லேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே நமது சட்டக்கோவையும் அமைந்ததாதலின், அங்கு நிகழ்ந்த வழக்கொன்று நமக்கும் பாடமாகும். 1988இல் சண்டிகாரில் நடந்த விருந்தொன்றிலே பஞ்சாப் மாநிலப் பொலிஸ் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் முறைகேடாக நடந்தார் என்று ஆட்சிப்பணி அதிகாரியான ரூபன் தியோல் பஜாஜ் முறையிட்டார். அறிவுடையோர் பொருட்படுத்தாத அற்பத் தீங்கு குற்றமாகாது என்னும் பிரிவையும் காட்டி, மேல் நீதிமன்றம் முறைப்பாட்டைத் தள்ளியது. 1995இல் இந்திய உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, பெண்ணின் கண்ணியத்தைத் தொட்ட செயல் ஒருபோதும் அற்பமாகாது என்று கொண்டது. 1996இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். இறுதித் தீர்ப்பு 2005இலேயே வந்தது. உயர்பதவியில் இருந்தவருக்கே பதினேழு ஆண்டுகள் சென்றனவெனின், கடையிலே கணக்கெழுதும் ஏழைப்பெண்ணின் நிலை என்னாகும்? அங்கும் முதற்கண் எழுந்த தடை நமது 'சேட்டை'யின் மறுவடிவமே என்பதை நோக்குக.

பொய்வழக்கால் நல்லவரும் கெடுவரே என்பார் உளர். அவ்வச்சம் புறந்தள்ளற்பாலதன்று. ஆனால் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிறுவப்படல் வேண்டும் என்னும் விதி அந்நல்லவருக்குக் காவலாக நிற்கின்றது. ஊர்ப்பேச்சுக்கு அத்தகைய விதி இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பான இடம் நீதிமன்றமே.

மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகை அம்மன் கோயில்களிலே கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. அரசவை ஏறி வழக்காடியவளைத் தெய்வமாக்கிக் கைதொழுகின்றோம். ஆயின் அவள் வழக்குரைத்தது கணவன் பொருட்டு. தன் பொருட்டு வழக்குரைக்க வரும் பெண்ணுக்கு நாம் இன்னும் இடம் அளித்திலேம். அவளை 'வாய்க்காரி' என்கின்றோம். 'நீ ஏன் அங்கே போனாய்' என்று கேட்கின்றோம்.

ஆசிரியராகிய நாம் நீதவான்களல்லேம். எனினும் சொற்களுக்குக் காவலர் நாமே. வகுப்பறையில் மாணவி ஒருத்தி முறையிடும்போது, 'சேட்டைதானே, விட்டுவிடு' என்று கூறும் ஆசிரியர், சட்டம் 1995இல் நீக்கிய வினாவை மீண்டும் அவள் தலையிலே சுமத்துகின்றார். அவள் கூறுவதை இறுதிவரை கேட்டு, அவள் சொற்களிலேயே நாளும் இடமும் குறித்து எழுதிவைத்து, அவளுக்குத் துணையாகப் பொலிஸ் நிலையம் வரை நடத்தலே ஆசிரியர்க்குரிய கடமையாம். குற்றத்தைக் குற்றம் என்று கூற மாணவர்க்குக் கற்பிப்பதும் தமிழ்ப் பாடமே.